காப்பிக் கசடும் சிட்டைக் கணக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் உள்ள ஓர் ஊரில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு நடக்கும் மண்டபத்தில், தொழில் வளர்ச்சி பற்றிப் பேச ஒருவரை அழைத்திருந்தார்கள். நன்றாகவே பேசினார். எறும்பைப் பாருங்கள், எத்தனை சுறுசுறுப்பு! மூங்கிலைப் பாருங்கள், எத்தனை பொறுமை! ஒரு வண்டிகூட வராத தெருவிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்கும் ஜெர்மானியரைப் பாருங்கள், எத்தனை ஒழுங்கு! அன்றாடம் கண்ணில் படுகிற ஒவ்வொன்றும் நமக்கு ஆசிரியர் என்று முடித்தார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

திரும்பும் வழியில் பேருந்தில் என் பக்கத்தில், நான் அண்ணன் என்று அழைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுகளாக ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, காய் நறுக்கி, சாலட் கலந்து, இப்போது குழம்பு வகைகள் வரை அவர் கையில். ஆனால் சம்பளச் சீட்டில் மட்டும் இன்னமும் 'சமையலறை உதவியாளர்'. கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"தம்பி, எறும்பு நல்லாத்தான் வேலை செய்யுது. திங்கட்கிழமை காலமை நான் என்ன செய்யிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்' என்று நம்மிடமே ஒரு பழமொழி உண்டு. ஆகவே பார்ப்பதிலிருந்து கற்கலாம் என்பதில் ஐயமில்லை. பார்த்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பார்த்ததிலிருந்து ஒரு நீதியை எடுத்துக்கொள்வது ஒரு வழி. பார்த்ததைப் பற்றியே ஒரு கேள்வி கேட்பது இன்னொரு வழி. முதல் வழி கைதட்டலோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது வழியில் சென்றவர்கள் சிலர் ஜெர்மனியில் இருந்திருக்கிறார்கள்.

கசடு எங்கிருந்து வருகிறது?

டிரெஸ்டன் நகரத்தில் 1873இல் பிறந்தவர் மெலிட்டா பென்ட்ஸ். இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு வீட்டைக் கவனித்துவந்த பெண்மணி. அக்காலத்துக் காப்பியில் அவருக்கு ஒரு குறை: கோப்பையின் அடியில் கசடு, வாயில் கசப்பு. துணிப்பையில் வடிகட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதை அலசிக் காயப்போட வேண்டும். இது டிரெஸ்டனில் எல்லா வீட்டிலும் தினமும் நடந்த தொல்லைதான். எல்லோரும் பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், குடித்தார்கள்.

மெலிட்டா, "கசடு உள்ளே போகாமல் நீர் மட்டும் போக என்ன வழி?" என்று யோசித்தார். ஒரு குவளையின் அடியில் ஆணியால் துளைகள் போட்டார். மூத்த மகன் வில்லியின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். காப்பித் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். தெளிவான காப்பி இறங்கியது. தாளைக் கசடோடு தூக்கிப் போட்டுவிடலாம், அலச வேண்டியதில்லை.

1908 ஜூன் மாதத்தில் பெர்லின் காப்புரிமை அலுவலகத்தில் அது பதிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனமும் பதிவாயிற்று. மூலதனம் 73 ஃபெனிக், அதாவது ஒரு மார்க்குக்கும் குறைவு. கணவர் ஹூகோவும் மகன்களும்தான் முதல் பணியாளர்கள். மறு ஆண்டு லைப்சிக் சந்தையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிகட்டிகள் விற்றன. 1929இல் தொழிற்சாலை மின்டன் நகரத்துக்கு இடம் மாறியது. இன்றும் ஜெர்மனியின் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் அவர் பெயர் போட்ட வடிதாள் பெட்டியைப் பார்க்கலாம்.

கோப்பையடிக் கசடைப் பார்த்து மெலிட்டா, "வாழ்க்கையும் இப்படித்தான், முடிவில் கசக்கும்" என்று ஒரு தத்துவம் எடுத்திருக்கலாம். கேட்கவும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காப்பி கசந்துகொண்டே இருந்திருக்கும்.

கண் எங்கே நிற்கும்?

இதே போல இன்னும் இருவர். கறுப்புக்காட்டுப் பகுதியில் டும்லிங்கன் என்ற சிற்றூரில் 1919இல் பிறந்த ஆர்த்தூர் ஃபிஷர், பூட்டு வேலையும் உலோக வேலையும் பழகியவர். போர் முடிந்து வந்த வறுமைக் காலத்தில் சிறு பட்டறை வைத்திருந்தார். தம் குழந்தையை வீட்டுக்குள் படமெடுக்க ஆசைப்பட்டார். அந்த நாளில் வெளிச்சத்துக்கு மெக்னீசியத் தூளைக் கொளுத்துவார்கள். மரவீட்டில் அது ஆபத்து. கேமராவின் மூடி திறக்கும் அதே கணத்தில் வெளிச்சமும் எரிந்தால் என்ன என்று யோசித்து, 1949இல் ஒரு மின்னொளிக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு 1958இல் அவர் செய்த நைலான் 'டூபல்'தான், சுவரில் துளையிட்டுத் திருகாணி இறுக்கும்போது நாம் உள்ளே செருகும் அந்தச் சாம்பல் நிறக் குப்பி. 2016இல் அவர் காலமானபோது அவர் பெயரில் 1,100க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

இன்னொருவர் டூசல்டோர்ஃப் நகரத்து ஹென்கெல் நிறுவனத்தில் பசை ஆராய்ச்சியாளராக இருந்த வோல்ஃப்காங் டீரிஷ்ஸ். 1967இல் ஒரு விமானப் பயணத்தில், பக்கத்தில் ஒரு பெண் உதட்டுச் சாயக் குச்சியைத் திருகி வெளியே எடுத்துப் பூசுவதைப் பார்த்தாராம். பசையையும் இப்படிக் குச்சியாகச் செய்தால் கையில் ஒட்டாதே என்று தோன்றியது. 1969இல் 'பிரிட்' பசைக் குச்சி கடைக்கு வந்தது. நிறுவனம் தன் வரலாற்றில் சொல்லும் கதை இது.

உதட்டுச் சாயத்தை எத்தனையோ ஆண்கள் பார்த்திருப்பார்கள். பசை ஞாபகம் வந்தது பசை வேலை செய்பவருக்குத்தான். ஃபிஷருக்குக் கை, உலோகத்தில் பழகியிருந்தது. மெலிட்டாவுக்குச் சமையலறையே பட்டறை. எல்லாவற்றையும் கூர்ந்து பார் என்று பயிற்சி நூல்கள் சொல்கின்றன. அது யாராலும் முடியாத காரியம். நமக்கு எந்த வேலை தெரியுமோ, எந்தத் தொல்லை நம்மை உறுத்துகிறதோ, அதன்மேல்தான் நம் கண் தானாக நிற்கும். எனவே தாழ்வாக நினைக்கும் வேலையில் இருப்பவருக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. சமையலறை உதவியாளருக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியாது.

லிஷ்டன்பெர்க்கின் சிட்டை

தெரிந்திருந்தால் போதுமா? பார்த்தது மறுநாள் மறந்துவிடுகிறதே! இதற்கு விடை சொன்னவர் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேயோர்க் கிறிஸ்டோஃப் லிஷ்டன்பெர்க். 1742இல் டார்ம்ஸ்டாட் அருகே பிறந்து, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, 1799இல் மறைந்தவர். ஏறத்தாழ 1765 முதல் சாகும்வரை நோட்டுப் புத்தகங்களில் கண்டது, கேட்டது, தோன்றியது எல்லாவற்றையும் எழுதிவந்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'சூடல்பூஹ்'. கிறுக்கல் புத்தகம் என்று சொல்லலாம். அவர் இறந்த பின்புதான் அச்சாயிற்று. இன்று ஜெர்மன் உரைநடையின் சிறந்த செல்வங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

பெயருக்கு அவர் சொன்ன காரணம் நமக்கு நன்றாகப் புரியும். ஆங்கிலேய வணிகர்கள் அன்றன்று நடந்த கொள்வன விற்பனையை வந்த வரிசையில், ஒழுங்கு பாராமல், ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். பிறகு அதை ஒழுங்குபடுத்தி இன்னொரு புத்தகத்தில் ஏற்றுவார்கள். கடைசியில் அது பேரேட்டுக்குப் போகும். எழுதுகிறவர்களும் சிந்திக்கிறவர்களும் இதைப் பின்பற்றலாமே என்பது அவர் யோசனை.

நம் ஊர் மளிகைக் கடையிலும் மண்டியிலும் இதே முறைதான். முதலில் சிட்டை: "சுப்பையா, அரை மூட்டை அரிசி, பாக்கி." பிறகு பேரேடு: சுப்பையாவின் பக்கத்தில் அது ஏறும். ஆண்டு முடிவில் ஐந்தொகை: வரவென்ன, செலவென்ன, கடை பிழைக்கிறதா என்று தெரியும். சிட்டை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் கடை நடக்காது. சிட்டையே எழுதாமல் பேரேடும் எழுத முடியாது.

லிஷ்டன்பெர்க்குக்குப் பார்ப்பதும் குறித்துவைப்பதும் வெறும் பொழுதுபோக்கல்ல. 1777இல் அவர் நிலைமின்சார ஆய்வுக்காகப் பெரிய பிசின் தட்டு ஒன்று செய்தார். அதை இழைத்தபோது எழுந்த நுண்தூள் அறையெங்கும் படிந்து, தட்டின்மேலும் விழுந்தது. வேறொருவர் துடைத்துப் போட்டிருப்பார். அந்தத் தூசு சில இடங்களில் நட்சத்திரம் போல் கூடியிருப்பதை லிஷ்டன்பெர்க் கவனித்தார். துடைத்துவிட்டு, மின்னூட்டி, மறுபடி தூவிப் பார்த்தார். மறுபடியும் நட்சத்திரம். மின்னூட்டம் இருக்கும் இடம் தூளைப் பிடித்து வைக்கிறது என்று தெரிந்தது. 'லிஷ்டன்பெர்க் உருவங்கள்' என்று இன்றும் அவற்றுக்குப் பெயர். 1938இல் செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் எடுத்த முதல் உலர்நகலுக்கும், இன்று நாம் கடையில் எடுக்கும் ஜெராக்சுக்கும் அடிப்படை, மின்னூட்டம் தூளைப் பிடிக்கும் இந்தத் தன்மைதான்.

பயிலுநரின் வாரக் குறிப்பு

பேராசிரியருக்கு இது சரி, சாதாரணத் தொழிலாளிக்கு என்கிறீர்களா? ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. 'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சி முறையில், தச்சு முதல் வங்கி வேலை வரை 300க்கும் மேற்பட்ட தொழில்களை இளைஞர்கள் நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலுமாக மாறி மாறிக் கற்கிறார்கள். பயிலுநர் ஒவ்வொருவரும் 'பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட்' என்ற அறிக்கை நோட்டு வைத்திருக்க வேண்டும். இந்த வாரம் என்ன வேலை செய்தேன், என்ன சொல்லித் தந்தார்கள், பள்ளியில் எந்தப் பாடம் என்று எழுத வேண்டும். பயிற்றுநர் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும். எழுதுவதற்கு வேலை நேரத்திலேயே இடம் தரவேண்டும் என்கிறது தொழிற்பயிற்சிச் சட்டம். இருவரும் கையெழுத்திட்ட நோட்டு இல்லாவிட்டால் இறுதித் தேர்வில் உட்கார முடியாது. 2017 முதல் கணினியிலும் எழுதலாம்.

பயிலுநர்கள் பலருக்கு இது வேப்பங்காய். மாதக் கணக்காக எழுதாமல் விட்டு, தேர்வுக்கு முன் இரவெல்லாம் உட்கார்ந்து நிரப்புகிறவர்கள் உண்டு. "வாரம் முழுதும் கூட்டிப் பெருக்கினேன்" என்று உண்மையை எழுதத் தயங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த நோட்டின் பயனே அங்கேதான். மூன்று வாரம் தொடர்ந்து பெருக்கும் வேலைதான் எழுதப்பட்டிருந்தால், கற்றுக்கொடுக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. நன்றாக எழுதினால் அது வளர்ச்சியின் கணக்கு. உள்ளபடி எழுதினால் உரிமையின் கணக்கும்கூட.

பயிற்சியாளர் எதற்கு?

இனி 'கோச்' என்கிறவருக்கு வருவோம். ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த நல்ல வண்டிகள் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றன. ஜெர்மானியர் அந்த வண்டியைக் 'குட்ஷே' என்றார்கள், ஆங்கிலேயர் 'கோச்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வு என்ற அக்கரைக்குத் தங்களைச் சுமந்து போகும் ஆசிரியரை விளையாட்டாக அப்படி அழைக்கத் தொடங்கினார்கள். பிறகு விளையாட்டுத் திடலுக்கும், அலுவலகத்துக்கும் அந்தச் சொல் வந்தது.

ஜெர்மனியில் மருத்துவர், வழக்கறிஞர் என்று யாரும் தம்மைச் சொல்லிக்கொள்ள முடியாது. 'கோச்' என்ற பெயருக்கு அப்படிச் சட்டக் காவல் இல்லை. நாளைக் காலையில் நானும் அட்டை அடித்துக்கொள்ளலாம். எனவே காசு கட்டும் முன் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். அவர் உங்களுக்குத் தம் எறும்பைக் காட்டுகிறாரா, அல்லது உங்கள் சமையலறையைப் பற்றிக் கேட்கிறாரா? நல்ல பயிற்சியாளர், பயிலுநரின் நோட்டில் கையெழுத்திடும் பயிற்றுநரைப் போன்றவர். சிட்டை எழுதுவது நாம். "இது ஏன் மூன்று முறை வந்திருக்கிறது?" என்று கேட்டு, அதைப் பேரேட்டுக்கு ஏற்ற உதவுவது அவர்.

வேலையில்லாதவர்களும், வேலை போகும் நிலையில் இருப்பவர்களும், தொழில் முகவரகத்தில் கேட்டால், தகுதி பெற்ற நிறுவனத்தில் இத்தகைய தனிப் பயிற்சி பெறச் சீட்டு கிடைக்கலாம். அதைக் கேட்காமலே கையைக் கடிக்கும் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். வேலையில் இருப்பவர்களும் அதே முகவரகத்தின் தொழில் ஆலோசகரைக் கட்டணமின்றிச் சந்திக்கலாம்.

சூப்புக் கிண்ணம்

அண்ணனுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள். என்ன செய்தேன், எது உறுத்தியது, ஏன் என்று தோன்றுகிறது." சிரித்தார். ஆனாலும் வங்கியில் கொடுத்த நாட்காட்டிப் புத்தகம் ஒன்றில் பென்சிலால் எழுதத் தொடங்கினார்.

இரண்டு வாரம் கழித்துக் காட்டினார். ஏழு இடத்தில் ஒரே வரி: மதியம் பன்னிரண்டேகாலுக்குச் சூப்புக் கிண்ணம் இல்லை. காரணமும் அவரே எழுதியிருந்தார். பெரிய தட்டுகள் இடத்தை அடைப்பதால் அவற்றைத்தான் முதலில் கழுவுகிறார்கள். ஆனால் விருந்தினர் முதலில் கேட்பது சூப்பு. மறுநாள் கிண்ணங்களை முதலில் இயந்திரத்தில் போடச் சொன்னார். நெரிசல் குறைந்தது. "ஒன்பது வருசமாத் தெரியும் தம்பி. எழுதிப் பார்த்தபிறகுதான் சொல்லலாம் எண்டு பட்டது" என்றார். தலைமைச் சமையல்காரர் அந்த வாரம்தான் முதன்முறையாக அவரிடம் கருத்துக் கேட்டாராம்.

சூப்புக் கிண்ணத்தால் ஒருவர் வாழ்வு மாறிவிடாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டே வந்தது: அவர் செய்யும் வேலைகளின் பட்டியல். எலும்பில் சாறு எடுப்பது, மீன் துண்டு போடுவது, குழம்பு கட்டுவது, சரக்கு வந்தால் வெப்பநிலை பார்த்து எடுப்பது. உதவியாளர் என்ற பெயரில் அவர் செய்ததெல்லாம் சமையல்காரரின் வேலை.

ஜெர்மன் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இங்கேதான் உதவிக்கு வருகிறது. முறையான பயிற்சி பெறாதவரும், அந்தத் தொழிலின் பயிற்சிக் காலத்தைப்போல ஒன்றரை மடங்கு காலம் அதே வேலையைச் செய்திருந்தால், வெளித்தேர்வராக இறுதித் தேர்வு எழுதலாம். சமையல்காரர் பயிற்சி 3 ஆண்டு, ஆகவே நாலரை ஆண்டு அனுபவம் வேண்டும். 2022 ஆகஸ்டில் சமையலறைத் தொழிலாளர் என்ற 2 ஆண்டுப் பயிற்சியும் வந்திருக்கிறது. அதற்கு 3 ஆண்டு போதும். விண்ணப்பம் அந்தந்த வட்டாரத்துத் தொழில் வணிகச் சபையில் கொடுக்க வேண்டும். தேர்வு இன்றி அனுபவத்தை மட்டும் மதிப்பிட்டுச் சான்று தரும் முறையும் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 25 வயது நிறைந்தவர்களுக்கு அது உண்டு. ஆனால் அது தொழிற்பட்டத்துக்கு முழுக்க ஈடானதல்ல.

எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். வெறுமே பாத்திரம் கழுவிய ஆண்டுகள் சமையல் அனுபவமாகா. என்னென்ன செய்தார் என்று முதலாளி எழுதித் தரவேண்டும். வேலையை விட்டு விலகும்போது அத்தகைய சான்றிதழ் கேட்பது தொழிலாளியின் உரிமை. வேலையில் இருக்கும்போதே தக்க காரணம் சொல்லி இடைக்காலச் சான்றிதழும் கேட்கலாம். அண்ணன் கேட்டபோது, "என்ன எழுத வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நாட்காட்டிப் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தோம். அதில் ஒரு வரி தவிர மற்ற யாவும் சான்றிதழில் ஏறின.

நீங்களும் தொடங்கலாம்

செய்ய வேண்டியது மிகக் குறைவு. நாளுக்கு மூன்று வரி, தமிழிலேயே எழுதுங்கள். நீதி எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். "மனிதர்கள் நன்றியற்றவர்கள்" என்பது நீதி. "மூன்றாவது முறையாக என் விடுப்புக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை" என்பது நடந்தது. முதலாவதை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடலாம். இரண்டாவதை எடுத்துக்கொண்டு அலுவலகப் படியேறலாம்.

வாரம் ஒருமுறை புரட்டி, திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். அதுதான் பேரேடு. அதில் ஒன்றை எடுத்து, செலவில்லாத ஒரு மாற்றம் செய்து பாருங்கள். பலித்ததா இல்லையா என்றும் குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தொகை: புதிதாக என்ன தெரியும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும், இந்த வேலையில் இனிக் கற்க ஏதாவது உண்டா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று இரண்டு ஐந்தொகையில் தொடர்ந்து வந்தால், வேறு இடம் தேடும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அண்ணனின் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு அவர் அஞ்சவில்லை. எழுத்துத் தேர்வின் ஜெர்மன்தான் அவரைப் படுத்துகிறது. சுகாதார விதிகளும் சரக்குக் கணக்கும் வாக்கியம் வாக்கியமாக மனத்தில் ஏற மறுக்கின்றன. ஆகவே நாட்காட்டிப் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து புதிய சிட்டை ஒன்று தொடங்கியிருக்கிறார். அன்றன்று சமையலறையில் காதில் விழும் ஜெர்மன் சொல் ஐந்து, பக்கத்தில் தமிழ்ப் பொருள். போன ஞாயிறு எண்ணிப் பார்த்தோம். நானூற்றுச் சொச்சம் சொற்கள் இருந்தன.